மாமா தண்ணி

கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த நாட்களில் முகப்பேரில் எந்த மருந்துக் கடையிலும் விட்டமின் சி மாத்திரை கிடைக்கவில்லை. மிட்டாய் போலச் சப்பிச் சாப்பிடுகிற அந்தப் புளிப்பு மாத்திரைதான். ஈறில் ரத்தம் வருகிறது என்றால் கடைக்காரர் ஓர் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பாரே, அதுவே. ஏழு கடை ஏறி இறங்கினேன். எட்டாவது கடையில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, "வந்த பத்து நிமிஷத்துல காலி ஆயிடுது சார், காலையில வந்து நின்னு பாருங்க" என்றார்கள்.

அதே வாரம், என்னோடு பதினோரு ஆண்டுகள் ஒரே மேஜையில் வேலை பார்த்தவர் இறந்துபோனார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். கலந்து வருகிற ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து, தேறும் தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. அவருடைய சாப்பாட்டு டப்பா அலமாரியில் கழுவாமல் இருந்தது. திறந்தால் பூஞ்சை பிடித்த எலுமிச்சை சாதம். நான்தான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு வெகுநாள் இறங்கவே இல்லை.

பயந்தவனுக்கு வழி சொல்லக் கைபேசிக்குள் ஆட்கள் காத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் என்னை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். அதை நடத்தியவர் நல்ல குரல்காரர். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குரல் பதிவு அனுப்புவார். மாத்திரை தேடி ஏன் அலைகிறீர்கள், அதற்குள் இருக்கும் பொடியைக் கிலோக் கணக்கில் வாங்கலாமே என்று அவர் சொன்னதும் எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது. அந்தப் பொடி, அதாவது அஸ்கார்பிக் ஆசிட், எனக்குப் புதிதில்லை. எங்கள் தொழிற்சாலைக்குச் சரக்கு தருகிற வியாபாரியே தின்பண்டக் கம்பெனிகளுக்கும் கொடுக்கிறார். ஒரு போன் செய்தேன், வீட்டுக்கே வந்துவிட்டது.

வெறும் பொடியைக் கரைத்துக் குடித்தால் பாதிக்கு மேல் சிறுநீரில் போய்விடும், அதனால் அதற்குக் கொழுப்பால் ஒரு போர்வை போர்த்த வேண்டும் என்பது அந்தக் குழுவின் பாடம். அதற்கு சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின் வேண்டும். கேக் செய்கிறவர்கள் வாங்கும் கடையில் கிடைத்தது. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, ஒன்றாக ஊற்றி, கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி கழுவ வைத்திருப்பார்களே, அந்த அதிர்வு இயந்திரத்தில் போட்டுக் கலக்க வேண்டும். அதையும் இணையத்தில் வாங்கினேன். சமையல் மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் காதுக்குள் கொசு புகுந்ததுபோல் ஒரு சத்தம். அரைமணியில் மஞ்சளாக, மோரைவிடக் கெட்டியாக ஒரு திரவம் வந்துவிடும். புளிப்பு முதலில் பல்லில் ஏறும். பிறகு பச்சைப் பயறை நேற்று ஊறவைத்து மறந்துபோன வாடை தொண்டையில் நிற்கும்.

போர்வை உண்மையிலேயே போர்த்தியிருக்கிறதா என்று பார்க்க என்னிடம் வழி ஏதும் இல்லை. பெயின்ட்டை ஐந்து விதமாகச் சோதிக்கிறவன், குடிக்கிறதை ஒரு விதமாகக்கூடச் சோதிக்கவில்லை.

என் மனைவி ஒரு வாரம் குடித்தாள். நெஞ்செரிச்சல் என்று நிறுத்திவிட்டாள். "உடம்பு பழகணும், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்" என்று குரல்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எனக்குப் பழக வேணாம். ஒரு நெல்லிக்காய் வாங்கிட்டு வாங்க, அது போதும்" என்றாள்.

அவளுக்கு மன உறுதி போதாது என்று நான் குழுவில் எழுதினேன். இருபது பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அதை இப்போது நினைத்தால் முகம் எரிகிறது.

என் தண்ணியை நம்பிக் குடித்தவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி.

மச்சினன் ஆவடியில் வாடகை வீட்டில் இருந்தான். சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி. காய்கறி மூட்டை ஏற்றுவான். முதல் அலையில் கோயம்பேடு மார்க்கெட்டைத் திருமழிசைக்கு மாற்றியிருந்த மாதங்கள் முழுக்க அவன் அந்தச் சேற்றில்தான் கிடந்தான். மூட்டைக்கு நடுவில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டான். அதில்தான் அவனுக்குச் சிறுநீரகக் கல் வந்தது. ஒரு நாள் வண்டியைக் காட்டுப்பாக்கத்தில் ஓரம் கட்டிவிட்டு, வலியில் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்தான். நான்தான் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கல் இறங்குகிறவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நான். அதனால், அவனுக்குக் கல் வந்த கதை எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மனைவியை வீட்டில் இறக்கிவிட்டு, பைக்கில் எங்கள் வீட்டுக்கு வருவான். நான் ஒரு வாரத்துக்கானதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பேன். முதல் தடவை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா மாமா, குப்புனு அடிக்குது" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்குத்தான் கல்லு வந்துகீதே. குடிக்கலாமா?" என்று கேட்டான்.

கேட்டான். அவனாகவே கேட்டான். இதைச் சொல்லாமல் தாண்டிப் போனால் மற்றதை எழுதிப் பயனில்லை.

அதற்கு முன்பே நான் அதைப் படித்திருந்தேன். கல் வந்தவர்கள் அதிக அளவில் எடுக்கக் கூடாது என்று எங்கோ ஒரு பக்கத்தின் அடியில் இருந்தது. குழுவில் கேட்டேன். குரல்காரர் சிரித்தபடி பதில் அனுப்பினார். மருந்துக் கம்பெனிகள் கிளப்பிவிட்ட புரளி அது, உண்மையில் கல்லைக் கரைப்பதே இதுதான் என்றார். எனக்கு வேண்டிய பதில் கிடைத்ததும் நான் மேலே தேடவில்லை.

"அதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கட்டிவிட்டது மாப்ளே. இது கல்லையே கரைச்சிடும்" என்றேன்.

"நீ லேப்ல கீற ஆளு. நீ சொன்னா சரி" என்று அங்கேயே நின்றபடி அரை டம்ளர் குடித்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் குடித்தான். அந்த வருடம் அவனுக்குச் சளி பிடிக்கவில்லை. மார்க்கெட்டில் அதற்கு "மாமா தண்ணி" என்று பேர் வைத்திருந்தான். மாலையில் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்து வேறு தண்ணி என்று நினைத்துக் கூட்டாளிகள் பங்கு கேட்பார்களாம். அவன் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்தில் என் கையெழுத்துக்கு மேல் இரண்டு கையெழுத்து வேண்டும். இங்கே நான் சொன்னதே முடிவு. அளவை ஏற்றிக்கொண்டே போனேன். வயிறு கடகடவென்று போக ஆரம்பித்தால் ஒரு ஸ்பூன் குறைக்க வேண்டும், நின்றதும் மறுபடி ஏற்ற வேண்டும் என்பது குழுவின் கணக்கு. நான் ஒரு நாளைக்கு ஆறு ஸ்பூனில் நின்றேன். கடுமையான உழைப்பு இருக்கிறது என்று அவனுக்கு எட்டு கொடுத்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குச் சோறு பிடிக்காமல் போனது. காலையில் எழுந்ததும் குமட்டல். முகம் உப்பியது. மூட்டையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. "உடம்புல இருக்கிற கழிவு வெளியே போகுது, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னேன். நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு ஸ்பூன் கூட்டச் சொன்னேன்.

பத்து நாளில் அவனுக்குச் சிறுநீர் நின்றுபோனது.

ஆவடியில் பார்த்த டாக்டர், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த உடனே ஆம்புலன்ஸ் வைத்து நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவைப் போல் எட்டு மடங்கு. அன்று மாலையே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள். நான் தொழிற்சாலையில் இருந்தேன். வார்டிலிருந்து அவன் எனக்குப் போன் செய்தான். குரல் இளைத்திருந்தது.

"மாமா, டாக்டரம்மா கேட்டுகினே கீறாங்க. இன்னா மாத்திரை சாப்ட, நாட்டு மருந்து இன்னா சாப்டன்னு. நம்ம தண்ணியச் சொல்லிடவா?"

நான் எழுந்து ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

"வேணாம்டா. அவங்களுக்கு இது புரியாது. பழியை இதுமேல போட்டுட்டு உண்மையான காரணத்த விட்டுடுவாங்க."

"சரி மாமா" என்றான்.

நாலு நாள். மூட்டைக்கு நடுவில் எலி ஓடுகிற இடத்தில் வேலை செய்கிறவன் என்பதால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கு ஊசி போட்டார்கள். முதுகுவலிக்கு ஏதாவது மாத்திரை விழுங்கினானா என்று அவன் மனைவியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவளுக்கும் தண்ணி ஞாபகம் வரவில்லை. அவளைப் பொறுத்தவரை அது மருந்தில்லை, மாமா கொடுக்கிற சத்து. மூன்றாம் நாள் மாலை பார்க்கப் போனபோது வார்டுக்கு வெளியே நடைபாதையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "அண்ணா, நீங்க டாக்டர்ங்ககூட இங்கிலீஷ்ல பேசிப் பாருங்கண்ணா. எதுனாலன்னே தெரியலன்றாங்க" என்றாள். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போகாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் தொழிற்சாலையில் ஒரு தொகுதி கெட்டுப்போனது. வெள்ளை பெயின்ட், திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக வந்தது. கலந்த ஆளைக் கூப்பிட்டு என்னென்ன போட்டாய் என்று கேட்டேன். பட்டியலில் உள்ளதைத்தான் போட்டேன் என்று அவன் மூன்று முறை சொன்னான். நான்காவது முறை, ஒரு டப்பா தீர்ந்துபோனதால் வேறு டப்பாவிலிருந்து எடுத்தேன் என்று ஒத்துக்கொண்டான். நான் அவனிடம் கத்திவிட்டேன். முதலிலேயே சொல்லியிருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாமே என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்து முடிவதற்குள் கையிலிருந்த சோதனைத் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

டாக்டர் இளம்பெண். எனக்கு மகளாகும் வயதுதான். நின்றுகொண்டே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?"

சொன்னேன். பொடியை எடை பார்த்தே போட்டவன் நான், தசமப் புள்ளி வரைக்கும் தெரியும்.

"எத்தனை நாளா?"

அதையும் சொன்னேன்.

"முன்னாடி அவருக்குக் கல் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பேனாவை மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இந்த விட்டமின் அதிகமானா உடம்புல ஆக்ஸலேட்டுன்ற உப்பா மாறும் சார். கல்லே அதுலதான் ஆகுது. இப்ப கல்லா ஆகாம, கிட்னி முழுக்கப் பொடியா அடைச்சிருக்கும். நாலு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அன்றே சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர் சொன்னதுதான். சல்லடைக் கண்ணெல்லாம் மணல் அடைத்ததுபோல் படிகங்கள்.

மச்சினனின் படுக்கைக்கு அருகில் போய், "சொல்லிட்டேன்டா" என்றேன்.

அவன் உதடு வெடித்திருந்தது. குடிக்கத் தண்ணீர் அளந்துதான் தருவார்கள். "நீதான மாமா சொல்லவேணான்ன" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேனோ என்று நினைவூட்டுகிறவன்போல் சொன்னான். சுவர் ஓரமாக நின்ற அவன் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

என் மனைவியிடம் வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அவன் கேட்டானா, கல்லு வந்தவன் குடிக்கலாமான்னு?" என்றாள்.

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவள் எழுந்து சமையல் மேடையிலிருந்த இயந்திரத்தை ஒயரோடு பிடுங்கினாள். ஃபிரிட்ஜிலிருந்த மூன்று பாட்டில்களையும் எடுத்தாள். காலையில் குப்பை வண்டி வரும்வரை அவற்றை வாசல் கதவுக்கு வெளியே வைத்திருந்தாள். வண்டிக்காரர், "நல்லா ஓடற மிஷினாட்டம் கீதேம்மா" என்று சொன்னது மாடியிலிருந்த எனக்குக் கேட்டது. "ஓடும். அதான் தூக்கிப் போடறேன்" என்றாள்.

குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். கல் வந்தவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் யாரும் தொடாதீர்கள் என்று முடித்திருந்தேன். முதலில் வந்த பதில், எந்தக் கடை லெசித்தின் என்பது. அடுத்தவர், எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கினீர்களா, அதுதான் விஷமாகியிருக்கும் என்றார். ஆஸ்பத்திரி ஊசிதான் கிட்னியைக் கெடுத்தது, அதற்கு முன் நன்றாகத்தானே இருந்தார் என்றார் இன்னொருவர். குரல்காரர் அன்று மாலைப் பதிவு அனுப்பவில்லை. மறுநாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார். இப்போதும் யாரோ ஒருவரின் சமையலறையில் அவர் குரல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவர்மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. ஆனால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த கை அவருடையது இல்லை.

ஐந்து வாரம் டயாலிசிஸ் நடந்தது. பிறகு மெல்ல சிறுநீர் இறங்கியது. குழாயை எடுத்தார்கள். முழுதாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மூட்டை தூக்குவது முடிந்துபோனது. வண்டியை விற்றான். குத்தம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற வண்டிகளின் எண்ணை எழுதும் வேலை கிடைத்தது. அவன் எழுதுவதெல்லாம் மற்றவர்களுடைய வண்டி.

அப்படியும் அவன் என்னோடு பேசினான். நான் போனால் உட்காரச் சொல்வான். கீரை வேண்டாம், வேர்க்கடலை வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் நீட்டி, "பீட்ரூட்டுக் கூட வேணாமாம் மாமா" என்பான். அவன் மனைவி உள்ளே இருந்து வரமாட்டாள்.

போன வருடம் ஒரு மாலை போன் செய்தான். "மாமா, கெடங்குக்கு வர டிரைவரு ஒருத்தரு ஒரு பொடி குட்த்தாரு. அவரு அண்ணனுக்கு கிட்னி நல்லாயிடுச்சாம். சாப்ட்டுகினு கீறேன். ஒரு வாரமாச்சு. டாக்டர்கிட்ட சொல்லவேணான்றாரு."

"நிறுத்துடா. முதல்ல நிறுத்து" என்றேன்.

"நீ குட்த்தப்போ நிறுத்துன்னா சொன்ன?" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை. "இன்னாவோ, உடம்பு தேவலையா கீது. யாரயாவது நம்பித்தான மாமா ஆவணும்."

அடுத்த பரிசோதனை நாளில் நானும் போனேன். அவன் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. டாக்டர் அவன் தாள்களைப் புரட்டிவிட்டு, "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார். அவன் இல்லை என்று தலையசைத்தான். நான் குறுக்கே புகுந்து, "ஒரு பொடி சாப்பிடுறான் மேடம்" என்றேன்.

டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், வண்டியை விற்றபோதும் அவன் முகத்தில் வராத கோபம் அப்போது வந்தது. பொடியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, உடனே நிறுத்தச் சொல்லி டாக்டர் பேசி முடிக்கிறவரை அவன் வாய் திறக்கவில்லை. வெளியே வந்து மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோதுதான் திரும்பினான்.

"அன்னிக்கி என் வாய மூட வச்ச. இன்னிக்கி என் வாய நீயே தொறக்கற. என் வாயி இன்னா உன் ஊட்டுக் கதவா மாமா?"

"உன் நல்லதுக்குத்தான்டா…"

"அன்னிக்கும் அதான சொன்ன."

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் மருந்துச் சீட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "நீ போ. நான் வாங்கிகினு போய்க்குறேன்" என்றான். அவன் மறுபடி திரும்பவில்லை. நான் கிளம்பி வந்தேன்.

அதன் பிறகு அவன் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுப்பதில்லை. பொடியை அவன் மனைவி அன்றைக்கே கழிவறையில் கொட்டிவிட்டாளாம். நான் செய்ததில் ஒன்றாவது சரியாகப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். அதற்கு விலையாக அவனை இழக்க வேண்டியிருந்தது.

என் மனைவி மாதம் ஒருமுறை ஆவடிக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறாள். என்னை வா என்று சொல்வதில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, கை கால் கழுவிவிட்டு, அந்த மாதம் ரத்தப் பரிசோதனையில் வந்த கிரியாட்டினின் எண்ணை மட்டும் என்னிடம் சொல்வாள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு அரிசி களையப் போய்விடுவாள்.